பாதியில் நிற்கும் குயில்ட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குயில்ட் தைப்பவர்கள் கூடினால் தையல் நுணுக்கத்தைவிட அதிகமாகப் பேசப்படுவது இதுதான்: "ஏழெட்டு பாதியில் கிடக்கு, எதை எடுக்கிறதுன்னே தெரியலை." அந்தக் கேள்வி எந்தெந்த வடிவத்தில் வருகிறதோ அதற்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்: குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்ட்டிங். கடைசியாகச் சுற்றிலும் ஓரப்பட்டி வைத்தால் வேலை முடிந்தது.

ஒரே நேரத்தில் பல குயில்ட் பாதியில் இருப்பது தப்பா?

தப்பே இல்லை. குயில்ட் என்பது ஐந்தாறு விதமான வேலைகள் சேர்ந்தது. வெட்டுவதற்கு மேசையும் தெளிந்த தலையும் வேண்டும். பிளாக் (துண்டுகளை இணைத்து உருவாக்கும் சதுரம், இவை பல சேர்ந்ததுதான் மேல்துணி) தைக்க மெஷின் முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். மூன்று அடுக்கையும் விரித்துச் சேர்க்கத் தரை முழுக்க இடம் வேண்டும், ஓரப்பட்டியின் பின்பக்கத்தைக் கையால் தைப்பதையோ யாரோடாவது பேசிக்கொண்டே செய்துவிடலாம். கையில் இருப்பது ஒரே ஒரு குயில்ட், அது தரை முழுக்க இடம் கேட்கிறது, உங்களுக்கு அன்று கிடைத்ததோ நாற்காலியும் அரை மணி நேரமும்தான் என்றால் அந்த நாள் வீண். வெவ்வேறு கட்டத்தில் இரண்டு மூன்று இருந்தால் எப்படிப்பட்ட நாளுக்கும் ஏதோ ஒன்று பொருந்தும்.

கவலைப்பட வேண்டியது எண்ணிக்கையைப் பற்றி இல்லை. நடந்துகொண்டிருக்கும் வேலையும் நின்றுபோன வேலையும் ஒரே அலமாரியில் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போதுதான் எல்லாமே பாரமாகத் தெரிகிறது.

அப்படியென்றால் எத்தனை வரை வைத்துக்கொள்ளலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் எண் என்று எதுவும் கிடையாது. நான் சொல்லும் அளவுகோல், ஒரு கட்டத்துக்கு ஒன்று. மெஷினில் ஒன்று, கைத்தையலில் ஒன்று, வெட்டும் நிலையில் ஒன்று, குயில்ட்டிங்கில் ஒன்று. ஒரே கட்டத்தில் நான்கு குவிந்திருந்தால், உதாரணமாக நான்கு மேல்துணி தயாராகி ஒன்றுக்கும் அடித்துணி இல்லாமல் இருந்தால், உங்களுக்கு அடைப்பு எங்கே இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை நின்றுபோகிறது? எனக்குப் பொறுமை இல்லையா?

பொறுமைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆயிரம் துண்டு வெட்டி அடுக்கி வைத்தவரைப் பொறுமை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஒரு காரணம், தொடங்குவது சுலபமாகிவிட்டது. ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டரை, அதாவது உருட்டி வெட்டும் வட்டக் கத்தியை, கொண்டுவருவதற்கு முன்பு அட்டையில் வடிவம் வெட்டி, துணியில் வரைந்து, கத்தரியால் ஒவ்வொரு துண்டாக நறுக்க வேண்டியிருந்தது. இப்போது வெட்டும் பாயும் ஸ்கேலும் வட்டக் கத்தியும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் ஒரு குயில்ட்டுக்கு வேண்டிய துணி முழுவதையும் வெட்டிவிடலாம். ஆனால் வீட்டு மெஷினில் மூன்று அடுக்கைச் சுருட்டி நுழைத்துத் தைக்கும் வேலை அந்த வேகத்தில் குறையவில்லை. உள்ளே வரும் வழி அகலமாகவும் வெளியே போகும் வழி குறுகலாகவும் இருந்தால் நடுவில் தேங்கத்தான் செய்யும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். நின்றுபோன குயில்ட் ஒன்றை எடுத்து, கடைசியாக எந்த இடத்தில் விட்டீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நேரம் போதாமல் விட்டிருக்க மாட்டீர்கள், ஒரு முடிவு எடுக்க முடியாமல் விட்டிருப்பீர்கள். பிளாக் எல்லாம் தைத்தாயிற்று, சுற்றிலும் பார்டர், அதாவது மேல்துணிக்கு ஒரு துணிச் சட்டம், வைக்கலாமா வேண்டாமா? பிளாக்குகளுக்கு நடுவில் பட்டி கொடுத்தால் எந்த நிறம்? முக்கோண முனைகள் சேராமல் போன அந்த வரிசையைப் பிரிப்பதா, அப்படியே விடுவதா? குயில்ட்டிங்குக்கு என்ன கோலம், கோணல்மாணலாகப் போய் மேல்துணியே கெட்டுவிட்டால்? இதில் ஒவ்வொன்றுக்கும் யோசிக்கப் பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வருடக்கணக்காகிவிடுகிறது. அதனால் நின்றுபோன ஒவ்வொன்றையும் பார்த்து 'இது எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் காத்திருக்கிறது' என்று கேட்டு, அந்தக் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே குத்தி வையுங்கள். எழுதிப் பார்த்ததும் பாதிக்குப் பதில் அங்கேயே வந்துவிடும்.

என்னவெல்லாம் பாதியில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அலமாரி, கட்டிலுக்கு அடியில், மெஷின் பெட்டி, 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைத்த பைகள், எல்லாம். கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். அன்றைக்குத் தைக்க உட்கார வேண்டாம், ஆசை வந்தாலும் வேண்டாம், ஏனென்றால் ஒன்றில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் மறுபடியும் கலந்தபடியே உள்ளே போய்விடும்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை அல்லது பெட்டி, அதற்குள் ஒரு அட்டை. அட்டையில் இருக்க வேண்டியது: மாதிரியின் பெயர், அது எங்கே அச்சாகி இருக்கிறது, முடிந்த பிறகு குயில்ட்டின் அளவு, ஒரு பிளாக்கின் அளவு, மொத்தம் எத்தனை பிளாக், அதில் எத்தனை முடிந்தது, எந்த மெஷின், எந்த ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்), ஊசி எந்த நிலையில் இருந்தது, தையல் நீளம், என்ன நூல், தையல் விளிம்பை (தையல் கோட்டுக்கு வெளியே மிஞ்சும் துணியை) எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டீர்கள். கடைசி வரியில் மட்டும் பெரிய எழுத்தில் 'அடுத்த வேலை'. அது செயலாக இருக்க வேண்டும். 'பார்டர்' என்று எழுதினால் உதவாது. '3½ இன்ச் பட்டி ஆறு வெட்டு, நீலத் துணி இதே பையில் இருக்கிறது' என்று எழுதினால் களைத்துப்போன இரவில்கூடக் கை தானாகப் போகும்.

இந்த அட்டைக்கு ஒரு உளவியல் காரணமும் உண்டு. முடிக்காத வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-ல் எழுதினார். பிற்காலச் சோதனைகளில் அந்த முடிவு எப்போதும் அப்படியே கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் 2011-ல் உளவியலாளர்கள் இ.ஜே. மாசிகாம்போவும் ராய் பவுமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாக உதவுகிறது: வேலையை முடிக்காவிட்டாலும், எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அது மனதில் குறுக்கிடுவது குறைந்தது. குயில்ட் உறுத்துவது அது முடியாததால் மட்டும் இல்லை, அடுத்து என்ன என்று நமக்கே தெரியாததாலும்தான்.

ஒரு வருடம் கழித்து எடுத்தேன். பழைய பிளாக்கும் புதிய பிளாக்கும் ஒரே அளவில் இல்லை. ஏன்?

தையல் விளிம்பு மாறியிருக்கும். குயில்ட்டில் வழக்கமான விளிம்பு கால் இன்ச். ஃபுட் மாறினாலோ, ஊசியின் நிலை ஒரு சொடுக்கு நகர்ந்தாலோ, வேறு மெஷினில் தைத்தாலோ அது 1/16 இன்ச் தவறிப் போகும். பார்த்தால் தெரியவே தெரியாது, ஆனால் ஒரு தையலுக்கு இரண்டு விளிம்பு என்பதால் தவறு 1/8 ஆகிறது. எட்டுத் துண்டு கொண்ட வரிசையில் ஏழு தையல், மொத்தம் 7/8 இன்ச். கிட்டத்தட்ட ஒரு இன்ச் காணாமல் போய்விட்டது!

மறுபடி தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ இன்ச் அகலத்தில் மூன்று துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத் துண்டு சரியாக 1 இன்ச், மொத்தம் 3½ இன்ச் வர வேண்டும். வரவில்லை என்றால் ஊசியை நகர்த்துங்கள், அல்லது மெஷின் தட்டில் டேப் ஒட்டி வழிகாட்டிக் கோடு வையுங்கள். பழைய பிளாக்குகளே கால் இன்ச்சில் தைக்கப்படவில்லை என்றால் புதியதையும் அந்தப் பழைய அளவுக்கே தைப்பதுதான் புத்திசாலித்தனம். குயில்ட் ஒரே மாதிரி தவறினால் அது பொருந்திவிடும்.

ஏற்கெனவே இரண்டு அளவிலும் தைத்தாயிற்று என்றால் இரண்டு வழி. வித்தியாசம் சின்னதாக இருந்து முனைகள் வெட்டுப்படாது என்றால் எல்லாவற்றையும் சிறிய அளவுக்குச் செதுக்குங்கள். முனை வெட்டுப்படும் என்றால் சின்ன பிளாக்கைச் சுற்றி மெல்லிய பட்டி தைத்துப் பெரிதாக்கி, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். பட்டியை எல்லா பிளாக்குக்கும் கொடுத்துவிட்டால் அது திருத்தம் மாதிரியே தெரியாது, வடிவமைப்பு மாதிரி தெரியும்.

பாதியில் நிறுத்துவதற்கு நல்ல இடம், கெட்ட இடம் என்று உண்டா?

நிச்சயமாக உண்டு. இதை மட்டும் கவனித்தாலே பல குயில்ட்கள் பிழைக்கும்.

துணியை வெட்டாமல் வைத்திருப்பது பாதுகாப்பான இடம். பிளாக்குகள் தைத்து, இஸ்திரி போட்டு, அளவாகச் செதுக்கி, தட்டையாக அடுக்கி வைத்திருப்பதும் நல்ல இடம். முழு மேல்துணி தைத்து வைப்பதென்றால் சுற்றிலும் விளிம்பிலிருந்து 1/8 இன்ச் உள்ளே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் முடிகிற தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே வரும்.

குறுக்காக வெட்டிய முக்கோணங்களைத் தைக்காமல் விடுவது மோசமான இடம். அந்தச் சாய்ந்த விளிம்பு தொடும்போதெல்லாம் இழுபடும், அடுத்த முறை எடுக்கும்போது அது முக்கோணமாகவே இருக்காது. சதுரமாகவே வைத்திருந்து தைக்கும் நாளில் வெட்டுங்கள்.

ஒட்டும் ஸ்பிரே அடித்து மூன்று அடுக்கையும் சேர்த்துவிட்டு அப்படியே மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். அந்தப் பசை தற்காலிகமானது, நாளாக ஆகப் பிடி தளர்ந்து அடுக்குகள் நகரும். சேஃப்டி பின் குத்தி வைத்தால் நகராது, ஆனால் ஈரப்பதம் உள்ள இடத்தில் துருக்கறை படிந்தால் போகாது. நீண்ட நாள் வைக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால் கையால் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டு வைப்பதே மேல். சலிப்பான வேலைதான், ஆனால் பசையும் உலோகமும் துணியில் தங்காமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கைத்தையல் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அன்றைய வேலை முடிந்ததும் துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் மாட்டியே வைத்தால் வட்டமாக மடிப்பும் அழுக்குக் கோடும் பதிந்துவிடும். நேர்கோட்டுக்காக ஒட்டிய மாஸ்கிங் டேப்பும் அப்படியே, அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

பேனாவால் குறித்துவிட்டு வைத்துவிட்டேன். கோடு போகுமா?

எந்தப் பேனா என்பதைப் பொறுத்தது. தண்ணீரில் போகும் நீலப் பேனா என்றால் இஸ்திரியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் அந்தக் கோடு துணியிலேயே நிலைத்துவிடலாம். முதலில் சோப்பு இல்லாமல் வெறும் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக நனைத்து எடுங்கள். காற்றில் மறையும் ஊதாப் பேனா என்றால் நீங்கள் திரும்ப வரும்போது கோடே இருக்காது, மறுபடி வரைய வேண்டியதுதான். சூட்டில் மறையும் பேனாவின் கோடு உறைநிலைக்குக் கீழே போகும் கடும் குளிரில் திரும்பத் தெரியக்கூடும். ஆக, நிறுத்திவைக்கும் எண்ணம் இருந்தால் குறிக்கவே வேண்டாம். குறித்த அன்றே எவ்வளவு தைக்க முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் குறியுங்கள்.

எப்படிச் சேமித்து வைப்பது?

வெயில் படாமல், ஈரம் இல்லாமல், மரப்பலகையில் நேரடியாகப் படாமல். மடித்து வைத்ததை அவ்வப்போது வேறு இடத்தில் மடியுங்கள், அல்லது குழாயில் சுற்றி வையுங்கள். உள்ளே என்ன என்று வெளியிலிருந்தே தெரியும் பை நல்லது, கண்ணில் படாதது மறந்துபோகும். ஆனால் பிளாஸ்டிக் பையைக் காற்றே புகாமல் இறுக்கி மூடாதீர்கள்.

துணி தீர்ந்துவிட்டது. அதே துணி எங்கேயும் கிடைக்கவில்லை.

இது ரொம்ப சகஜம். அச்சுத் துணிகள் பெரும்பாலும் ஒரு தொகுதியாக வந்துவிட்டு மறுபடி அச்சாவதில்லை. ஒற்றை நிறத் துணிகூட வேறு சாயத் தொகுதியில் வந்தால் சற்றே மாறியிருக்கும். தேடுவதற்கு முன் துணியின் கரையைப் பாருங்கள், அங்கே தயாரிப்பாளர், தொகுப்பின் பெயர், நிறப்புள்ளிகள் எல்லாம் அச்சாகியிருக்கும். அதனால்தான் கரையை வெட்டி எறியாமல் ஒரு துண்டை அட்டையிலேயே குத்தி வைக்கச் சொல்கிறேன்.

கிடைக்கவே இல்லையென்றால் கிட்டத்தட்ட ஒத்த ஒரே ஒரு துணியைக் கொண்டு ஓட்டையை அடைக்க நினைக்காதீர்கள், அந்த ஒரு இடம் மட்டும் கண்ணில் குத்தும். ஒத்த நிறத்தில் மூன்று நான்கு துணி எடுத்து, ஏற்கெனவே தைத்த சில பிளாக்குகளையும் இடம் மாற்றி, எல்லாம் குயில்ட் முழுக்கப் பரவும்படி செய்யுங்கள். இல்லையென்றால் புதுத் துணியை நான்கு மூலைகளுக்கும் நடுவுக்கும் கொடுங்கள், அந்த ஒழுங்கே காரணமாகிவிடும். சில அச்சுத் துணிகளின் பின்பக்கம் அழகான மங்கல் நிறமாக இருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள். குயில்ட்டைச் சிறிதாக்குவதும் ஒரு நல்ல வழிதான், 'படுக்கை அளவு' என்று யோசித்தது மடிமேல் போர்த்தும் அளவில் முடிந்தால் என்ன குறை?

இனிமேல் தொடங்குவதற்கு அடித்துணியையும் ஓரப்பட்டித் துணியையும் ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். 60 x 72 இன்ச் குயில்ட் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 264 இன்ச், மூலை திருப்பவும் முனை இணைக்கவும் 10 சேர்த்தால் 274. துணியின் அகலத்தில் பயன்படுவது 40 இன்ச் என்றால் ஏழு பட்டி, ஒவ்வொன்றும் 2½ இன்ச், மொத்தம் 17½ இன்ச் துணி. அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, அதாவது 68 x 80. இந்த இரண்டும் மடித்துப் பையிலேயே இருந்தால் கடைசிக் கட்டத்தில் குயில்ட் நிற்பதற்கு ஒரு காரணம் குறையும்.

மேல்துணி எல்லாம் தயார். குயில்ட்டிங் மட்டும் செய்யாமல் குவிந்திருக்கிறது. என்ன செய்வது?

நிறையப் பேரிடம் நான் பார்க்கும் அடைப்பு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடுக்குகளைச் சேர்க்கும் வேலையைத் தனியாகப் பிரியுங்கள். தரையைத் துடைத்து, அடித்துணியை இழுத்து ஒட்டி, முட்டி போட்டுச் செய்கிற வேலை அது. ஒன்றுக்காக அவ்வளவும் செய்வதைவிட, விரைவில் தைக்கப்போகும் இரண்டு மூன்றை ஒரே நாளில் சேர்த்துவிடலாம். யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள், நான்கு கைகள் இருந்தால் அடித்துணி சுருங்காமல் இருக்கும்.

அடுத்தது பயம். 'நல்ல மேல்துணியைக் கெடுத்துவிடுவேன்' என்ற பயத்தில் வருடக்கணக்காக மடித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு என் பதில்: பஞ்சு விரிப்பின் உறையைப் படியுங்கள். இரண்டு தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அதில் போட்டிருக்கும். சில விரிப்புகள் 4 இன்ச் வரை, சில 8 அல்லது 10 இன்ச் வரைகூடத் தாங்கும். அந்த இடைவெளியில் வாக்கிங் ஃபுட் (அடுக்குகளை ஒரே சீராக நகர்த்தும் ஃபுட்) போட்டு நேர்கோடுகள் ஓட்டினாலே குயில்ட் முழுமையானது. பூவும் கொடியும் சுழியும் அழகுதான், ஆனால் அவை கட்டாயம் இல்லை. நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போங்கள், அப்போதுதான் சுருக்கம் நடுவில் தேங்காது. குயில்ட்டின் எடை மேசையிலிருந்து தொங்கி இழுக்காமல் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தாங்கட்டும்.

பருத்தி விரிப்பு துவைத்தால் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் தையலின் சின்னச் சின்னக் கோணல்கள் மறைந்தே போகும். பாலியஸ்டர் விரிப்பில் அந்தச் சலுகை கிடைக்காது.

மெஷின் சிறியது, முழுக் குயில்ட்டும் நுழையவில்லை என்றால் பிளாக் பிளாக்காகவோ வரிசை வரிசையாகவோ மூன்று அடுக்கோடு குயில்ட் செய்து பிறகு இணைக்கும் முறை இருக்கிறது. இன்னும் எளிதாக, சில இன்ச்சுக்கு ஒரு இடத்தில் தடித்த நூலால் முடிச்சுப் போட்டே மூன்று அடுக்கையும் பிடிக்க வைக்கலாம். குயில்ட்டிங்குக்கென்றே உள்ள பெரிய நீள்கை மெஷின் (லாங்ஆர்ம்) வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்வித்தாலும் அது உங்கள் குயில்ட்தான், அதில் தயக்கமே வேண்டாம்.

எதை முதலில் முடிப்பது?

நான் வைக்கும் வரிசை: முதலில் கெட்டுப்போகக் கூடியது. ஸ்பிரே அடித்தது, நீலப் பேனா கோடு போட்டது, பின் குத்தியது. அடுத்து, ஓரப்பட்டி மட்டும் பாக்கி இருப்பது, ஏனென்றால் அதை இரண்டு மாலையில் முடித்துப் போர்த்திக்கொள்ளலாம். அதற்கப்புறம் யாருக்காவது ஒரு தேதிக்குள் கொடுக்க வேண்டியது. தேதியை முதலில் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது: தேதி உள்ள வேலை எப்படியும் நம்மை இழுத்து உட்காரவைக்கும், மற்றவைதான் நாம் தேடிப் போக வேண்டியவை. இது எல்லாம் முடிந்த பிறகு ரொம்பப் பிடித்தது. பழையது என்பதற்காக மட்டும் ஒன்றை முதலில் எடுக்க வேண்டாம்.

தேர்ந்தெடுக்கவே முடியாமல் திணறுகிறீர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் எண் போட்டு மாதம் ஒரு சீட்டு எடுங்கள். வந்த எண்ணை அந்த மாதம் முடிக்க வேண்டியதில்லை, ஒரு கட்டம் முன்னே நகர்த்தினால் போதும்.

ஒரே மெஷினில் இரண்டு குயில்ட்டை ஒன்றாக ஓட்ட முடியுமா?

முடியும், அழகான வழி ஒன்று இருக்கிறது. துண்டுகளை நூல் அறுக்காமல் சங்கிலியாகத் தொடர்ந்து தைக்கும்போது ஆரம்பத்திலும் முடிவிலும் நூல் சிக்காமல் இருக்க ஒரு வீண் துணித்துண்டில் தைப்போம் அல்லவா? அந்த வீண் துண்டுக்குப் பதில் இரண்டாவது குயில்ட்டின் ஒரு ஜோடிச் சதுரத்தைத் தையுங்கள். குயில்ட்காரர்கள் இதை லீடர், எண்டர் என்பார்கள். முதல் குயில்ட் முடியும்போது, தனியாக நேரமே ஒதுக்காமல், இரண்டாவதற்கு ஒரு குவியல் ஜோடிகள் தயாராக இருக்கும். இதற்குச் சதுரங்களால் ஆன எளிய வடிவம்தான் சரி. இரண்டுக்கும் பொருந்தும்படி சாம்பல் அல்லது பழுப்பு வெள்ளை நூல் போட்டால் நூல் மாற்றவும் வேண்டாம். இரண்டின் துண்டுகளும் ஒரே நிறச் சாயலில் இருந்தால் மட்டும் செய்யாதீர்கள், கலந்துபோனால் பிரிப்பது பெரும்பாடு.

வாரக் கணக்கில் அட்டவணை போட வேண்டுமா?

பிடித்தால் போடுங்கள். எனக்குச் சரியாகப்படுவது, நாளைக் குயில்ட்டுக்கு ஒதுக்காமல் வேலைக்கு ஒதுக்குவது. ஒரு நாள் ஓரப்பட்டி மட்டும், மூன்று குயில்ட்டுக்கும் வெட்டி, இணைத்து, மடித்து இஸ்திரி போட்டு வைப்பது. ஒரு நாள் செதுக்குவது மட்டும். கருவிகளை ஒருமுறை எடுத்து வைத்தால் போதும், கையும் ஒரே அசைவில் பழகிவிடும். வெட்டும் வேலையை மட்டும் அப்படிச் சேர்க்க வேண்டாம், இரண்டு மாதிரிகளின் அளவுகள் தலையில் கலந்தால் துணி போய்விடும்.

பாதியில் இருக்கும் ஒன்று இப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை. முடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். போட்ட உழைப்பும் துணியும் ஏற்கெனவே செலவாகிவிட்டது, பிடிக்காததில் இன்னும் நாற்பது மணி நேரம் போட்டால் அது திரும்பி வரப்போவதில்லை. அதை எடுக்கும்போதெல்லாம் மனம் சுருங்குகிறதா, அல்லது ஒரு கடினமான கட்டத்தைப் பார்த்துத் தயங்குகிறீர்களா என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் அது நின்றுபோன முடிவு, மேலே சொன்ன சீட்டு உதவும். முதலாவது என்றால் விட்டுவிடுங்கள்.

விடுவதற்கும் வழிகள் உண்டு. முடிந்த பிளாக்குகளைக் குஷன் உறையாகவோ பையாகவோ மேசை விரிப்பாகவோ மாற்றலாம். வெவ்வேறு முயற்சிகளில் மிஞ்சிய ஒற்றைப் பிளாக்குகளைச் சேர்த்து ஒரு அடித்துணி செய்யலாம், பின்பக்கம் முழுக்கக் கதைகள் இருக்கும். இன்னொரு தையல்காரருக்குக் கொடுப்பதென்றால் மாதிரி, மீதித் துணி, அட்டை எல்லாவற்றோடும் கொடுங்கள். 'முடித்ததும் காட்டுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

இறந்துபோனவர் பாதியில் விட்ட குயில்ட் என்னிடம் இருக்கிறது. தொடவே கை வரவில்லை.

தொட வேண்டும் என்று அவசரமே இல்லை. முதலில் இருக்கிறபடியே, எல்லாப் பக்கமும், பின்பக்கத் தையல் உட்பட போட்டோ எடுங்கள். மேல்துணி மட்டும் இருந்தால் துவைக்காதீர்கள், விளிம்புகள் நார் நாராகப் பிரிந்துவிடும், பழைய சாயம் பரவலாம். ஒரு மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தாலே சாயம் விடுமா என்று தெரியும்.

காகித வடிவத்தின் மேல் துணி மடித்துத் தைத்த வேலை என்றால் உள்ளே காகிதம் இருக்கலாம். அதை உருவி எறிய வேண்டாம், பழைய கடிதமோ கணக்குத் தாளோ செய்தித்தாளோ வெட்டப்பட்டிருக்கும், எழுத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்ல முடியும். பிரிட்டனில் குயில்ட்டர்ஸ் கில்டு என்ற அமைப்பு பாதுகாக்கும் 1718-ஆம் ஆண்டுப் பட்டு ஒட்டுவேலை விரிப்பில் அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

முடிக்க முடிவெடுத்தால் அவருடைய தையலைப் பிரித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிரியும் இடத்தை மட்டும் பலப்படுத்துங்கள். நீங்கள் சேர்க்கும் பகுதி உங்கள் கையாகவே தெரியட்டும், பின்பக்கம் ஒரு துணிச்சீட்டில் தொடங்கியவர் பெயரும் முடித்தவர் பெயரும் இரண்டு ஆண்டுகளும் எழுதித் தையுங்கள். மேல்துணியாகவே சுவரில் மாட்டிவைக்க நினைத்தால் அதுவும் முழுமையான முடிவுதான்.

எல்லாம் முடியும்வரை புதிதாகத் தொடங்கவே கூடாதா?

அப்படி ஒரு விதி போட்டால் பலருக்குத் தைக்கும் ஆசையே போய்விடுகிறது. புது வடிவத்தில் கை வைக்கும் மகிழ்ச்சிக்காகத்தானே இந்த வேலைக்கே வந்தோம்! தடைக்குப் பதில் ஒரு நிபந்தனை போதும்: அட்டை எழுதி, அடித்துணியும் ஓரப்பட்டித் துணியும் பையில் சேர்ந்த பிறகே முதல் வெட்டு. அந்தச் சின்னத் தாமதத்தில் வெறும் ஆசையாக இருந்தவை தானாக விலகிவிடும், தைக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது நிற்கும்.

பல வருடம் நின்றதை இன்றைக்கு எடுக்கிறேன். முதல் நாள் என்ன செய்ய?

புது ஊசி போடுங்கள். பழைய நூலை ஒரு அடி இழுத்துச் சுண்டிப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வேண்டாம். துண்டுகளை எண்ணி மாதிரியோடு சரிபாருங்கள். விளிம்புச் சோதனையைச் செய்துவிட்டு ஒரே ஒரு பிளாக் தைத்துப் பழைய பிளாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அன்றைக்கு அது போதும், எழுந்திருக்கும் முன் அட்டையின் கடைசி வரியை மாற்றி எழுதிவிட்டு மூடி வையுங்கள்.